சூடு போன இடம்

கோயமுத்தூர் கணபதியில் லேத்துப் பட்டறைகளும் வார்ப்புப் பட்டறைகளும் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கிற ஒரு சந்தில் கோகிலவாணி கார் இன்ஜின் கட்டிக் கொடுத்து வந்தாள். அதற்கு முன் ஒரு பம்பு கம்பெனியின் சோதனைக்கூடத்தில் பல வருஷம் இருந்தவள், தேறாத பம்பைத் தேறியதாகச் சொல்லச் சொன்னார்கள் என்று வேலையை விட்டு வந்தவள். அதனால் எந்த முள் எதைக் காட்டினாலும் பக்கத்தில் இன்னொரு மீட்டரை மாட்டிப் பார்க்காமல் நம்ப மாட்டாள், பால்காரர் ஊற்றிய பாலை முகர்ந்து பார்க்காமல் உள்ளே எடுத்துப் போக மாட்டாள், மழை பெய்தால்கூட வெளியே கையை நீட்டித் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மழை என்று சொல்வாள்.

அவளுக்கு ஏற்ற ஆளாக வந்து சேர்ந்தவர் தாமோதரசாமி. எண்ணெய் மில் வைத்திருந்தார். அவர் அப்பா காலத்து அம்பாசிடர் கார் மலை ஏறும்போதெல்லாம் கல்லாறு தாண்டியதும் கொதித்து நின்றுவிடும். சொந்தக்காரர்கள் கை காட்டிக்கொண்டே கடந்து போவார்கள். அப்பா குடத்தோடு ஓடை தேடிப் போவார். அந்தக் காரில் பெரிய ஆறு சிலிண்டர் இன்ஜினை வைத்து, ஆவணியில் கோத்தகிரியில் நடக்கப் போகும் மகள் கல்யாணத்துக்கு மணப்பெண்ணை அதிலேயே உட்கார வைத்து, எங்கேயும் நிற்காமல் ஏறிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. விபத்தில் நொறுங்கிய ஒரு காரிலிருந்து இன்ஜினை அவரே வாங்கி வந்தார். அவள் போல்ட் முடுக்கும்போது ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு போல்ட்டையும் பார்த்துக்கொண்டே இருப்பார்.

இன்ஜின் தயாராகிவிட்டது. வாட்டர் பம்ப்தான் பாக்கி. அந்த இன்ஜினோடு வந்த பம்பு விபத்தில் உடைந்துபோயிருந்ததால், மூன்று பம்புகளை மேஜை மேல் வரிசையாக வைத்தாள் கோகிலவாணி. ஒன்று பெல்ட்டில் ஓடுகிற புது அலுமினியப் பம்பு. இன்னொன்று பேட்டரியில் ஓடுகிற எலக்ட்ரிக் பம்பு. மூன்றாவது, உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் கிடைத்த கனமான வார்ப்பிரும்புப் பம்பு. எந்தக் கம்பெனியுடையது என்று தெரியவில்லை, ஆனால் உள்ளே தண்ணீரைத் தள்ளுகிற சக்கரத்தின் இதழ்கள் யாரோ பொறுமையாக அரத்தால் ராவியதுபோல் வளைந்திருந்தன.

"மூணுல எது அம்மிணி நல்லது?" என்றார் தாமோதரசாமி.

"ஓட்டிப் பார்க்காம சொல்ல மாட்டேனுங்ணா."

"உனக்கே தெரியாதுங்கற."

"தெரியும். நம்பிக்கைதான் இல்லை."

இன்ஜினை இரும்பு ஸ்டாண்டில் நிறுத்தி, முன்னால் ரேடியேட்டரைக் கட்டி, ஒவ்வொரு பம்பாக மாட்டி ஓட்டினாள். அலுமினியப் பம்பில் சூடு ஏறி நடுவில் நின்றது. எலக்ட்ரிக் பம்பு நன்றாகத்தான் தள்ளியது, ஆனால் ஒரு ஒயர் கழன்றால் மலையில் இன்ஜினே போய்விடும் என்பதால் அதை ஓரமாக வைத்தாள். பிறகு வார்ப்பிரும்புப் பம்பை மாட்டிச் சாவியைத் திருப்பினாள். டெம்பரேச்சர் முள் அசையவில்லை. இன்னொரு மீட்டரை மாட்டினாள், அதுவும் அசையவில்லை. இன்ஜின் மேல் கையை வைத்தாள். கிணற்றடிக் கல்லைப்போல் சில்லென்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் ரேடியேட்டரிலிருந்து மெல்லிய மூட்டம் கிளம்பி, பட்டறைக்குள் முழங்கால் உயரத்துக்கு நிரம்பி, ஷட்டருக்கு அடியில் ஊர்ந்து சந்துக்குள் இறங்கியது.

அந்த வருஷம் ஆனி பிறந்தும் பாலக்காட்டுக் கணவாய்க் குளிர்காற்று வரவில்லை. சந்தில் வெயில் தார்போல் உருகிக் கிடந்தது. மூட்டம் இறங்கிய அன்று சாயங்காலமே சந்து முழுக்க ஃபேனை நிறுத்தினார்கள். மறுநாள் வார்ப்புப் பட்டறை ஆட்கள் உலை முன்னாலிருந்து வந்து வேர்வை காய நின்றுவிட்டுப் போனார்கள். வேர்க்குரு வந்த குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெருப் பெண்கள் வந்தார்கள், தூக்கம் வராத கிழவர்கள் பாயோடு வந்தார்கள், டீக்கடைக்காரர் பெஞ்சை இந்தப் பக்கம் நகர்த்திப் போட்டார். பெட்ரோல் தீரும்போதெல்லாம் யாராவது ஒருவர் கேனோடு வந்து நின்றார்கள். ஒருத்தருக்கும் இது எப்படி என்று கேட்கத் தோன்றவில்லை. பக்கத்துப் பட்டறையில் லேத்து ஓட்டுகிற பாக்கியநாதன் மட்டும் ஒருமுறை ரேடியேட்டரை எட்டிப் பார்த்து, "நல்ல பம்பு," என்று சொல்லிவிட்டு மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

கேட்டது கோகிலவாணிதான். "சூடு எங்க போகுது?" என்று அவள் பாக்கியநாதனிடம் கேட்டாள். "பெட்ரோல் எரியுதுல்லீங்ணா. எரிஞ்சா சூடு வரணும். இங்க இல்லைன்னா வேற எங்கயோ இருக்கு. யாரு தலையிலயோ போய் இறங்குது."

அந்த வார்த்தை டீக்கடை பெஞ்சுக்குப் போய், அங்கிருந்து சந்து முழுக்கப் பரவியது. அதற்குப் பிறகு குளிர்ச்சியை அனுபவித்தவர்களே ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தார்கள். மூன்றாவது வீட்டு ரங்கநாயகிக்குக் காய்ச்சல் வந்தபோது, சூடு அவள் மேல்தான் இறங்குகிறது என்றார்கள். எதிர்வீட்டு ஃப்ரிட்ஜ் எரிந்துபோனபோது, அதுவும் அதனால்தான் என்றார்கள். பெண்கள் உப்பு கேட்கிற சாக்கில் அடுத்த வீட்டுக்குள் போய்ப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே சுவரைத் தொட்டுப் பார்த்தார்கள்; தங்கள் வீட்டுக்கு உப்பு கேட்டு வந்தவளின் கை எங்கே போகிறது என்றும் பார்த்தார்கள். காய்ச்சல் இறங்கிய பிறகும் ரங்கநாயகியின் வாசல் வழியாகப் போகிறவர்கள் ஒரு அடி தள்ளியே போனார்கள். ஆனாலும் பெட்ரோல் கேன் வருவது நிற்கவில்லை.

தாமோதரசாமிக்கு வேறு சந்தேகம். "இந்தப் பம்பை எனக்குக் குடுக்காம நீ வேற யாருக்கோ பேசிட்டு இருக்கியா அம்மிணி? ஊரே இங்க உக்காந்திருக்கு. இது என் காருக்கு வந்த பம்பு."

"உங்களுக்குத்தானுங்ணா. ஆனா அந்தச் சூடு எங்க போகுதுன்னு தெரியாம உங்க பொண்ணு உக்கார்ற வண்டியில இதை மாட்ட மாட்டேன்."

ஒருநாள் காலையில் ரேடியேட்டருக்கு அடியில் ஒரு கறுப்புப் புழு நெளிவதைக் கண்டாள். குச்சியால் தூக்கிப் பார்த்தாள், அட்டை. ஈரக் காட்டில், கால் விரலிடுக்கில் ஏறி ரத்தம் குடிக்கிற அட்டை. கணபதியில் அட்டை வர வழியே இல்லை. மூட்டத்துக்குள் முகத்தைக் கொண்டுபோய் முகர்ந்தாள். பச்சைத் தேயிலை வாசம் அடித்தது.

அன்று தேயிலைத் தூள் விற்கிற மைதீன் ஸ்கூட்டரில் வந்தபோது, அட்டையைக் காட்டி, "இது எந்த மலை அட்டைங்க?" என்று கேட்டாள்.

மைதீன் சிரித்தார். "அட்டையில மலை எழுதியிருக்குமா என்ன? எங்க வால்பாறைப் பக்கம் இப்ப நல்ல மழை, காலைக் கீழ வைக்க முடியாது. துணி காயறதில்லை. எஸ்டேட்டு மேல் டிவிஷன்ல அன்னபுஷ்பம்னு ஒரு அம்மா, அது வீட்டுச் சுவர் மட்டும் என்னமோ சுடுதாம், லைன் வீட்டு ஜனமெல்லாம் அங்கதான் துணி காயப் போடுது." அவர் தூளை நிறுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள், இந்த மைதீனுக்கு எப்படி இவ்வளவு தெரிகிறது என்று அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கோகிலவாணி மறுநாள் விடிந்ததும் இன்ஜினை நிறுத்தினாள். நிறுத்தினால் அங்கே சுவர் ஆறுகிறதா என்று பார்த்தால்தான் இந்தச் சூடு அந்தச் சூடுதான் என்று அவளால் நம்ப முடியும். "நான் போன் பண்ணுற வரைக்கும் யாரும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்," என்று பாக்கியநாதனிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் பொள்ளாச்சி பஸ் ஏறினாள். ஆழியாறு தாண்டி கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏற ஏற மழை வலுத்தது. நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்து உட்கார்ந்தவளுக்கு, வெந்துபோன ஒரு வீடும் அதற்குள் வெந்துபோன மனிதர்களுமே திரும்பத் திரும்ப மனசில் வந்தார்கள். நல்லவேளை நிறுத்திவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

மேல் டிவிஷனில் தொழிலாளர்களின் லைன் வீடுகள் தகரக் கூரையோடு வரிசையாக நின்றன. கடைசி வீட்டின் பக்கச் சுவரில் கயிறு கயிறாகத் துணி தொங்கியது. மிளகுத் தட்டுகளும் குடைகளும் ஒரு பள்ளிக்கூடப் பையும் சுவரோரம் சாத்தியிருந்தன. துணியின் சொந்தக்காரர்கள் சாக்குக் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு, ரேஷன் கடை திறக்காததற்கு முறையிடுகிறவர்களைப்போல் சுவரைப் பார்த்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். சுவர் இன்றைக்கு வேலை செய்யவில்லை.

கோகிலவாணி போய்ச் சுவரில் கையை வைத்தாள். ஆறிப்போன டீ டம்ளர் அளவுக்குத்தான் சூடு இருந்தது.

"யாரு நீ?" என்று ஒரு குரல் கேட்டது. வாசலில் அன்னபுஷ்பம் நின்றிருந்தாள், ஐம்பது வயதிருக்கும், தேயிலை பறித்துப் பறித்துக் கறுத்த விரல்களால் கதவை இறுக்கிப் பிடித்திருந்தாள். "கரண்டு ஆபீஸா? எஸ்டேட் ஆபீஸா? உள்ள ஹீட்டர் எதுவும் இல்லை. ஆபீசர் வந்து எல்லாத்தையும் புரட்டிப் பார்த்துட்டுத்தான் போனாரு. அப்பயும் நம்பாம கரண்டைப் புடுங்கிட்டாரு. என்னால மொத்த லைனும் இருட்டுல கிடக்கு."

"ஆபீஸ் இல்லீங்க. கோயமுத்தூர்ல இருந்து வரேன். இந்தச் சூடு எங்க பட்டறையில இருந்து வருதுன்னு நினைக்கிறேன். ஒரு பம்பு. உங்களுக்கு ஏதாவது ஆயிருக்குமோன்னு பயந்து காலையில நிறுத்திட்டேன்."

அன்னபுஷ்பம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு பம்பு எப்படிச் சுவருக்குச் சூடு அனுப்பும் என்று அவள் கேட்கவில்லை. "நீயா நிறுத்தின?" என்று மட்டும் கேட்டாள். பிறகு கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள்.

உள்ளே, அந்தச் சுவரை ஒட்டிய கட்டிலில், அன்னபுஷ்பத்தின் மகள் செல்வராணி முதுகைச் சுவரில் அழுத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் மார்பில், சட்டைக்குள், மாசம் நிறையாமல் பிறந்த ஒரு பெண்குழந்தை கிடந்தது. ஒரு கைக்குட்டையில் சுற்றிவிடலாம்போல் இருந்தது. சூடு குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் அனுப்பியிருந்தார்கள். வீட்டுக்கு வந்த மறுநாளே கரண்டு போனது. அடுப்பை மூட்டினால் புகையில் குழந்தைக்கு இழுப்பு வந்தது. சுவர் இருக்கிறது என்று இருந்தார்கள்.

"விடியக்காலையில இருந்து ஆறிக்கிட்டே வருது," என்றாள் செல்வராணி. "பிள்ளை பால் குடிக்க மாட்டேங்குது. பாதத்தைத் தொட்டுப் பாருங்க."

கோகிலவாணி தொட்டாள். தொட்ட விரலை எடுத்துக்கொண்டு, மறுபடி ஒருமுறை தொட்டாள். பிறகு குனிந்து வெளியே ஓடினாள்.

செல்போனுக்கு சிக்னல் கிடைப்பது தேயிலை நிறுக்கிற கொட்டகைப் பக்கம்தான் என்றார்கள். மழையில் அங்கே ஏறி, பாக்கியநாதனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, உடனே ஸ்டார்ட் பண்ணுங்க."

"எதை ஸ்டார்ட் பண்றது? தாமோதரசாமி வந்து பம்பைக் கழட்டிட்டுப் போயிட்டாரும்மா. நீ மலைக்குப் பேரம் பேசப் போயிருக்கேன்னு யாரோ சொல்லிட்டாங்க. டீக்கடையில எல்லாருமே அப்படித்தான் பேசிக்கறாங்க."

தாமோதரசாமியைக் கூப்பிட்டாள். அவர் எடுத்ததுமே, "மாட்டிக்கிட்டியா?" என்றார்.

"அண்ணா, இங்க ஒரு பச்சைக் குழந்தை. அந்தச் சூட்டுலதான் உயிரோட இருக்கு. தயவுசெஞ்சு பம்பைக் கொண்டுபோய்ப் பாக்கியநாதன் அண்ணன்கிட்டக் குடுங்க."

"நேத்து வரைக்கும் சூடு யாரையோ கொல்லுதுன்ன. இன்னிக்குக் காப்பாத்துதுங்கற. எதை நம்பறது அம்மிணி?"

"ரெண்டுமே நான் சொன்னதுதானுங்ணா. முதல்ல சொன்னது தப்பு."

"யாரோ ஒருத்தன் பக்கத்துல நின்னு சொல்லிக் குடுக்கறான். எவ்வளவு தரேன்னான்?"

தானும் இப்படித்தானே பேசியிருப்போம் என்று அந்த மழையில் நின்றபடி நினைத்தாள். அதற்குள் அன்னபுஷ்பம் பின்னாலேயே ஏறி வந்திருந்தாள். குழந்தையைத் தன் மார்போடு கட்டி, மேலே கம்பளியையும் சாக்கையும் போட்டு மூடியிருந்தாள். போனை வாங்கினாள். கெஞ்சுவாள் என்று கோகிலவாணி நினைத்தாள். அவள் ஒரு வார்த்தையும் சொல்லாமல் போனைக் கம்பளிக்குள் விட்டுக் குழந்தையின் வாயருகே வைத்தாள். கொட்டகைக்கு அடியில் இருந்தவர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் போனை வெளியே எடுத்துப் பார்த்தபோது எதிர்ப்பக்கம் கட்டாகியிருந்தது. எப்போது வைத்தார், அவர் காதில் என்ன விழுந்தது என்று தெரியவில்லை. மறுபடி கூப்பிட்டபோது அவர் எடுக்கவே இல்லை.

வீட்டுக்கு இறங்கினார்கள். செல்வராணி குழந்தையை வாங்கிச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு மறுபடி சுவரில் சாய்ந்தாள். வெளியே துணிக்காரர்களில் ஒருத்தி வந்து சுவரில் உள்ளங்கையை வைத்தாள். இன்னொருத்தி வைத்தாள். வேலை முடிந்து வந்த ஆண்களும் கூடையை இறக்கிவிட்டுக் கையை வைத்தார்கள். இந்தச் சுவரால்தான் எங்கள் வீட்டில் கரண்டு இல்லை என்று காலையில் அன்னபுஷ்பத்தைத் திட்டியவர்களும் வைத்தார்கள். பக்கத்தில் நிற்பவர் எங்கே அழுத்துகிறார் என்று பார்த்துக்கொண்டே வைத்தார்கள். சுவர் முழுக்கக் கைகளாக இருந்தது. கோகிலவாணிக்கு இடம் கிடைக்காமல் தரையோரம் உட்கார்ந்து அடிச்சுவரில் வைத்தாள். மழை அவள் முதுகில் வழிந்துகொண்டிருந்தது.

முதலில் உணர்ந்தது அவள்தான். நிஜமா என்று உறுதிசெய்ய இன்னொரு கையையும் வைத்தாள். அதுவும் சுட்டது. அவள் வாயைத் திறப்பதற்குள் மேலே ஒருவர், "வருது," என்றார். சூடு ஒரு செங்கல்லிலிருந்து இன்னொரு செங்கல்லுக்கு ஏறி, ஒவ்வொரு கையாகத் தாண்டி, கூரை வரைக்கும் போனது. ஈரச் சுவரிலிருந்து ஆவி கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து குழந்தை அழுகிற சத்தம் கேட்டது; பசித்து அழுகிற அழுகை அது என்று லைனிலிருந்த எல்லாப் பெண்களும் ஒரே குரலில் சொன்னார்கள்.

பிறகு பாக்கியநாதன் சொல்லித் தெரிந்தது: தாமோதரசாமி போனை மேஜை மேல் வைத்துவிட்டுப் பம்பை மடியில் வைத்தபடி மில் ஜீப்பை ஓட்டி வந்தார். யாரையும் நம்பாமல் தானே மாட்டப் போய், தண்ணீர் கசியாமல் வைக்கிற கேஸ்கெட்டைத் தலைகீழாக வைத்து, மேலெல்லாம் தண்ணீரை வாங்கிக்கொண்டு, கடைசியில் பாக்கியநாதனிடமே ஸ்பேனரை நீட்டி, "நீயே மாட்டித் தொலை," என்றார். இன்ஜின் ஓட ஆரம்பித்த பிறகும் அவர் போகவில்லை. அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் ஈரத்தோடு உட்கார்ந்து நடுங்கிக்கொண்டே இருந்தார்.

கோகிலவாணி திரும்பி வந்து நடந்ததைச் சொன்னாள். சந்து நம்பவில்லை. குழந்தை நிஜமாக இருக்கிறதா என்று பார்த்து வர ரங்கநாயகியையும் டீக்கடைக்காரர் மனைவியையும் பஸ் ஏற்றி அனுப்பினார்கள். ஒருத்தி மட்டும் போனால் மற்றவர்கள் நம்ப மாட்டார்கள். குழந்தை அப்பாவைப் போல என்று ஒருத்தியும் பாட்டியைப் போல என்று இன்னொருத்தியும் சண்டை போட்டுக்கொண்டே திரும்பி வந்தார்கள். அதற்கப்புறம்தான் சந்து நம்பியது. மேலே, எஸ்டேட் ஆபீசரும் ஒரு நாள் மீட்டரோடு வந்து, சுவரின் எல்லாப் பக்கமும் வைத்துப் பார்த்து, கரண்டு எதுவும் வரவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு லைனுக்கு இணைப்பைத் திரும்பக் கொடுத்தார்.

இன்ஜினை ஸ்டாண்டிலிருந்து இறக்க முடியவில்லை. ஆயில் மாற்றக் கொஞ்ச நேரம் நிறுத்துவதென்றாலும் முதலில் மேலே போன் போகும், குழந்தையை இருவருக்கு நடுவில் போட்டுப் போர்த்திய பிறகுதான் இங்கே சாவி திரும்பும். ஆவணி வந்தது. தாமோதரசாமியின் அம்பாசிடர் முன்பக்கம் காலியாக, செங்கல் மேல் நின்றது. மணப்பெண் சித்தப்பா வேனில் கோத்தகிரிக்குப் போனாள். சொந்தக்காரர்கள் கார் எங்கே என்று கேட்டார்கள். "வேலையா இருக்கு," என்றார் அவர்.

கல்யாணம் முடிந்து வந்தவர் நேராகப் பட்டறைக்கு வந்தார். "அந்தப் பம்பு என் காருக்கு வேண்டாம் அம்மிணி. சூடாகிற வண்டியே எனக்குப் போதும். எது தாங்கும்?"

"அலுமினியம்தானுங்ணா. புல்லியைக் கொஞ்சம் சின்னதாக்கினா மெதுவா ஏறும்போதும் தண்ணி வேகமாச் சுத்தும். முள் நடுவுல நிக்கும்."

"நிக்குமா?"

"ஓட்டிப் பார்த்துட்டுத்தான் தருவேன்."

கார்த்திகையில் ஒருநாள் காலை அன்னபுஷ்பம் போன் செய்தாள். சந்தில் பாதிப் பேர் பட்டறையில்தான் இருந்தார்கள், தாமோதரசாமியும் இருந்தார். போன் மணி கேட்டதும் எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"நல்லாயிருக்கீங்களாம்மா?" என்றாள் அன்னபுஷ்பம். "இனி நிறுத்திக்கலாம்."

கோகிலவாணி போனை மறு காதுக்கு மாற்றினாள். "ஏன்? அங்க குளிர் ஆரம்பிச்சிருக்குமே. யாராவது ஏதாவது சொன்னாங்களா? ஆபீசர் வந்தாரா?"

"யாரும் ஒண்ணும் சொல்லலை. பிள்ளை போர்வையை உதைச்சுத் தள்ளுறா. சுவர்ப் பக்கம் போட்டா அழுறா. வேர்க்குதும்மா அவளுக்கு."

"சரியாப் பாத்தீங்களா? மழை ஈரமா இருக்கப் போகுது. இன்னொரு தடவை தொட்டுப் பாத்துச் சொல்லுங்க."

"தொட்டுக்கிட்டுதான் பேசறேன்," என்றாள் அன்னபுஷ்பம். "கழுத்து மடிப்புல, நெத்தியில, மூக்கு நுனியில. முத்து முத்தா நிக்குது. அவ சூடுதான்."

கோகிலவாணி இன்னொன்றும் கேட்கவில்லை. சாவியைத் திருப்பினாள்.